முத்துசுவாமி தீட்சிதரும் கோட்டை இசையும்

போட்டி விளையாட்டு நாளில் கோலசிலாங்கூர் வட்டாரப் பள்ளித் திடல்களில் முரசு முழங்கும். பேண்டு வாத்தியத்தின் தாளத்திற்கேற்ப மாணவர்கள் இடக்கால், வலக்கால் என மாற்றி வைத்து அணிவகுத்து வருவார்கள். அம்மாணவர்களுள் பலர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாதசுவரத்தையும் உறுமி மேளத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள். வெவ்வேறு மண்ணில் பிறந்த இந்த இருவகை இசையும் ஒரே செவியில் பகையின்றிக் குடியிருக்க முடியும். இதை ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே தம் பாடல்களால் காட்டியவர் முத்துசுவாமி தீட்சிதர். தியாகராசர், சியாமா சாஸ்திரி ஆகியோரோடு கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்படுபவர் அவர்.

தீட்சிதர் 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதரும் பெரிய இசைப் புலவரே. இன்று கச்சேரிகளில் அடிக்கடி ஒலிக்கும் அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவர்தாம். முத்துசுவாமிக்குச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் இரு தம்பியர் இருந்தனர்.

அது ஐரோப்பியர் கடல் கடந்து வந்து கோட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேலுள்ள கோட்டையை டச்சுக்காரர்கள் 1784ஆம் ஆண்டு கைப்பற்றியபோது தீட்சிதர் சிறுவர். அப்போது சென்னையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து தன் ஆட்சியை விரித்துக்கொண்டிருந்தது.

சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் வாழ்ந்த முத்துக்கிருட்டிண முதலியார் என்னும் செல்வர் இராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை அழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவருடைய மகன் வேங்கடகிருட்டிண முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். கம்பெனியில் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் விளங்கிய அவர், தீட்சிதர் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கம்பெனிப் படையின் வாத்தியக் குழு வாசித்த இசையை அவர்கள் கேட்டார்கள்.

அந்த இசை அவர்கள் கற்ற இசையினின்றும் பெரிதும் வேறுபட்டது. கருநாடக இசையில் ஒரு சுரம் அசைந்தும் வளைந்தும் அடுத்த சுரத்தைத் தழுவும். இந்த அசைவே கமகம் எனப்படும். படை இசையிலோ ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கும். தாளம் நடக்கும் காலுக்கு ஏற்ற சீரான அளவில் விழும். எனினும், அம்மெட்டுகளின் சுரங்கள் நம் சங்கராபரண இராகத்தின் சுரங்களோடு பொருந்தி வருவதைத் தீட்சிதர் கண்டார். மேனாட்டார் மேஜர் என்று வழங்கும் சுர வரிசையும் சங்கராபரணத்தின் சுர வரிசையும் ஒன்றே.

அம்மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் பாடல்கள் எழுதினார். அவ்வாறு பிறந்தவை ஏறத்தாழ 40 பாடல்கள். ஆங்கிலத்தில் சுரக்குறிப்பைக் குறிக்கும் நோட்டு என்ற சொல்லைக் கொண்டு அவை நோட்டுசுரம் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்றான 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. மலாயாவிலும் காலனித்துவ ஆட்சியின்போது அரசு விழாக்களில் ஒலித்த மெட்டு அது.

இங்கே ஒரு செய்தி எண்ணிப் பார்க்கத்தக்கது. 1799ஆம் ஆண்டு தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனியின் கைக்குச் சென்றது. தீட்சிதர் பிறந்த திருவாரூரும் அந்நாட்டைச் சேர்ந்ததே. ஆள வந்தவர்களின் இசை என்று அவர் அதை வெறுத்து ஒதுக்கியிருக்கலாம்; அல்லது அதில் மயங்கித் தம் இசையைக் கைவிட்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. வேற்று நாட்டு மன்னரைப் புகழ்ந்த மெட்டிலேயே தம் தெய்வத்தைப் பாடினார். மெட்டு அவர்களுடையதாகவே இருந்தது, பாட்டு அவருடையதாயிற்று.

தம்பி பாலுசுவாமி இன்னும் ஒரு படி முன்னே சென்றார். கோட்டையில் கேட்ட வயலின் அவரைக் கவர்ந்தது. ஓர் ஐரோப்பியக் கலைஞரிடம் அதைக் கற்று, கருநாடக இசைக்கு ஏற்றவாறு பழக்கினார். நின்றுகொண்டு தோளில் சாய்த்து வாசிக்கப்பட்ட அக்கருவி, தரையில் அமர்ந்து மார்புக்கும் காலுக்கும் இடையே நிறுத்தி வாசிக்கும் கருவியாக மாறியது. கமகங்களும் அதில் இனிது ஒலித்தன. இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிது.

முத்துசுவாமி, சிதம்பரநாத யோகி என்பவருடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். அங்கே வட இந்திய இசையையும் செவிமடுத்தார். திரும்பிய பின் காஞ்சிபுரம், திருவாரூர் முதலிய தலங்களில் வாழ்ந்து, 400க்கும் மேற்பட்ட கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றுள் பல யானை நடைபோல் மெல்ல நகர்பவை, கமகம் நிறைந்தவை. படை நடைக்குரிய மெட்டுகளில் பாடியவரா இவற்றையும் பாடினார் என்று வியக்கத் தோன்றும்.

தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவருடைய மாணவர்கள். அவர்களுள் வடிவேலு வயலினில் வல்லவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டு அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

இறுதிக் காலத்தில் தீட்சிதர், எட்டயபுர அரண்மனையில் இசைவாணராக இருந்த பாலுசுவாமியை நாடிச் சென்றார். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே மறைந்தார். பாலுசுவாமியின் பேரனும் வளர்ப்பு மகனுமாகிய சுப்பராம தீட்சிதர், 1904ஆம் ஆண்டு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்டு, அவருடைய கீர்த்தனைகள் பலவற்றைச் சுரக்குறிப்புடன் காத்துத் தந்தார்.

நோட்டுசுரங்கள் எளியவை, ஆகவே இன்றும் இசை பயிலத் தொடங்கும் சிறுவர்களுக்கு அவை கற்பிக்கப்படுகின்றன. தன் இசையில் ஆழ வேரூன்றியவர் அயல் இசையைக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை என்பதற்குத் தீட்சிதரின் வாழ்வு சான்றாகும். திடலில் முரசு முழங்கும்போது தாளம் தவறாமல் நடக்கும் மாணவர், மாலையில் கோயிலில் நாதசுவரத்திற்கும் செவிகொடுக்கும்போது, தீட்சிதர் நடந்த வழியிலேயே நடக்கிறார்.