அரிதாரம் கலைத்த சுவாமிகள்

நாடக மேதை சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். 24-ம் வயதில் நாடகக் குழுவில் சேர்ந்தார். எமன், சனீஸ்வரன் வேஷத்தில் அவரைக் கண்டால் பெரியவர்களே நடுங்குவார்களாம்.

ஒருநாள் விடிய விடிய 'நள தமயந்தி' நாடகம். முகத்தைக் கழுவ, சனீஸ்வரன் கோலத்தோடு நீர்த்துறைக்குப் போனார். அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவரைப் பார்த்தாள். அலறி விழுந்தாள். உயிர் பிரிந்துவிட்டது என்று நாடக உலகில் சொல்வார்கள்.

சுவாமிகள் துடித்துப் போனார். அரிதாரத்தை எண்ணெய் தேய்த்துக் கலைக்கலாம். மனச்சுமையை எதைக்கொண்டு கலைப்பது? வேஷம் போடுவதையே விட்டுவிட்டார்.

பிறகு நாடகங்கள் எழுதினார். சிறுவர்களுக்கு நடிப்புக் கற்பித்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.