கைப்பொருள் கரைத்த கூபர்த்தென் பிரபு

1863-இல் பாரிஸில் பிறந்த பியேர் தெ கூபர்த்தென் பிரபுவை நவீன ஒலிம்பிக் பந்தயங்களின் தந்தையாகவே நாம் அறிவோம். சேசு சபைக் குருக்களிடம் பயின்ற அவருடைய முதற்கவலையோ பள்ளிப் பிள்ளைகள். பாடச்சுமையால் நலிந்த பிரெஞ்சு மாணவர் விளையாட வேண்டுமென்று 1888-இல் குழுவொன்று அமைத்தார்.

அந்நாளில் அரசுப் பள்ளிகளும் குருக்களின் தனியார் பள்ளிகளும் ஒன்றையொன்று முகம் பாரா. அரசுப் பள்ளிகளோடு நின்றுவிட அவருக்கு மனமில்லை. 1891-இல் ஆர்க்கேயில் என்ற ஊருக்குச் சென்று, அங்கே பள்ளித் தலைவராயிருந்த சாமிநாதர் சபைக் குரு திதோன் சுவாமிகளிடம் அவர் மாணவரையும் போட்டிகளுக்குக் கேட்டார். சுவாமிகளும் இசைந்தார். (ஒலிம்பிக் விருதுவாக்கு இச்சுவாமிகள் தம் மாணவருக்குத் தந்ததே என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாயிருக்கும்!)

பணம்? தம் பணிகளுக்குப் பரம்பரைச் சொத்திலிருந்தே வாரி இறைத்தார் பிரபு. 1937-இல் ஜெனீவாவில் இறந்தபோது அச்செல்வம் கரைந்திருந்தது. போர்க்கால நஷ்டமும் அதிலுண்டு.