கங்கா தேவியின் சுவர்



மார்கழி விடியலில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியைச் சுற்றி வந்த ஹாஸ்டல்வாசிகளுக்கு வாசல் கோலங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்குள் சைக்கிள் சக்கரம் பட்டுக் கலைந்துவிடும். போட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. பீகாரின் மிதிலையிலும் பெண்கள் அரிசி மாவைக் கரைத்து இப்படித் தரையில் போடுவார்கள். அரிபன் என்று பெயர். கூடவே வீட்டுச் சுவரிலும் வரைவார்கள். அப்படி வரைந்தவர்களில் பெயர் நிலைத்த சிலருள் ஒருவர் கங்கா தேவி.

1928ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மாவிடம் கற்றுக்கொண்டார். காயஸ்த குடும்பம், அந்த வகுப்புப் பெண்களின் பாணி கச்னி. வண்ணத்தை அப்பாமல், மெல்லிய கோடுகளாலேயே உருவத்தை நிரப்ப வேண்டும். முதலாண்டு டிராயிங் ஹாலில் ஹாட்சிங் போட்டுக் கை ஓய்ந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்!

வெளியுலகம் இந்தச் சித்திரங்களைக் கவனித்ததே இடிபாட்டில்தான். 1934 பூகம்பத்தில் வீடுகள் சரிந்தபோது, ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி உடைந்த உள்சுவர்களில் அவற்றைக் கண்டார். பிறகு 1966-67 பஞ்சத்தில் அகில இந்தியக் கைவினை வாரியம் பெண்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. வரைந்தால் காசு.

கங்கா தேவிக்கு அந்தக் காசு அவசியமாக இருந்தது. கணவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். இவர் வறுமையில் நின்றார். காகிதம்தான் கைகொடுத்தது. ராமாயணம் வரைந்தார். 1984ல் பத்மஸ்ரீ. 1985 இந்திய விழாவுக்காக அமெரிக்கா போய் வந்து, அங்கே பார்த்த ரோலர் கோஸ்டரையும் அதே பழைய கோட்டில் கொண்டுவந்துவிட்டார். புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி அனுபவத்தையும் படமாக்கினார். மரபு என்றால் போட்டதையே போடுவது என்று நினைப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்க்கணும்.

உடம்பு தளர்ந்த அந்தக் கடைசி ஆண்டுகளில் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு அறைச் சுவர் முழுக்கக் கோபர் வரைந்தார். கோபர் என்பது மணமக்கள் அறைச் சித்திரம்: தாமரை, மூங்கில், மீன், கிளி, வம்சம் தழைக்க வாழ்த்து. கணவன் கைவிட்ட ஒருத்தி அதை வரைந்தார் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. 1991ல் காலமானார்.

2015ல் அந்த அருங்காட்சியகப் புதுப்பிப்பு வேலையில் அந்தச் சுவர்ச் சித்திரம் அழிக்கப்பட்டது.

நம்மில் பலர் கட்டட வேலையில் இருக்கிறோம். எஸ்டிமேட்டில் பழைய பூச்சை உடைத்து அகற்ற சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பூச்சின் மேல் என்ன இருக்கிறது என்று கேட்க அதில் கட்டம் கிடையாது. திருப்பணி என்று சொல்லி ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்த கதை நம் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் உண்டு.

ஸ்ரீரங்கம் கோயிலில் நாயக்கர் காலச் சுவரோவியங்கள் இருக்கின்றன. சந்திப்புக்கு வருகிறவர்கள், குடும்பத்தோடு ஒரு மாலை ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.