அத்தியட்சர் அசரியா

ஆலயத்திற்குச் செல்லும் வாலிபர் சிலர் நம்மிடம் அடிக்கடி ஒரு மனத்தாங்கலைத் தெரிவிப்பதுண்டு. ஆராதனை முறை தவறாது நடைபெறுகிறது. பாட்டும் பிரசங்கமும் குறைவின்றி இருக்கின்றன. ஆயினும் நாவில் உள்ளது நடையில் காணப்படவில்லை என்பதே அவர்கள் குறை. இதனை இகழ்ந்து தள்ளுதல் தகாது. இதே ஏக்கம் கொண்ட நம் நாட்டு வாலிபர் ஒருவர், குறை கூறுவதோடு நில்லாமல் என்ன செய்தார் என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் வெள்ளாளன்விளையிற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் தாமஸ் வேதநாயகம் சபைக் குரு. இளமையிலேயே தந்தையை இழந்த மைந்தர், அன்னையாரின் அன்பிலும் கண்டிப்பிலும் வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளிவந்தார். 1895-ல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாகி, ஊர்தோறும் சென்று மாணவரிடையே உழைத்தார்.

1902-ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டே சுவிசேஷ ஊழியம் நடத்துவதைக் கண்டார். நூறாண்டுக்கு மேற்பட்ட திருநெல்வேலிச் சபைக்கு அத்தகைய சங்கம் ஒன்று இல்லையே என்னும் நாணம் அவர் உள்ளத்தை வருத்தியது. பிறர் கொடுத்ததைப் பெற்றுக்கொள்வது மட்டுமே சபையின் வாழ்வாகுமோ என்று சிந்தித்தார். அதன் பயனாக 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியர் பொருள், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பதே அதன் ஏற்பாடு. அப்பொழுது அவருக்கு வயது 28. 1905-ல் சேராம்பூரில் தேசீய மிஷனரி சங்கம் நிறுவப்பட்டபோதும் அவர் முன்னின்றார்.

அச்சங்கம் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லைத் தன் ஊழியக் களமாகக் கொண்டது. மற்றவரைப் போகத் தூண்டிய அசரியா, தாம் போகாதிருப்பது முறையோ என்று தம்மையே வினவிக்கொண்டார். வாலிபர் குறை கூறும் அப்பிளவு, சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள பிளவு, தம்மிடத்திலும் இருக்கக் கண்டார். 1909-ல் தம் பதவியை விட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல் சென்றார். கூடாரத்திற் குடியிருந்து, தெலுங்கு பயின்று, ஒடுக்கப்பட்ட ஏழை மக்களிடையே பணி செய்தார்.

1910-ல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனரி மகாநாடு கூடிற்று. ஐரோப்பிய மிஷனரிமார் பொருளும் உயிரும் ஈந்ததை நன்றியோடு ஒப்புக்கொண்ட அசரியா, அவர்கள் இந்தியரைச் சமமாக நடத்தி நட்புப் பாராட்டவில்லை என்பதையும் அச்சபை நடுவே எடுத்துரைத்தார். கேட்டோர் சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் அவர் கூறியது பகையினால் அன்று, நண்பராக விரும்பியதினாலேயே. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே.

ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, பிறருக்குச் சுவிசேஷம் அறிவிப்பது தம் கடன் என்று அறிக்கையிடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். எழுத்தறியாத கூலியாளும் இக்கடனுக்கு விலக்கல்லர். நாட்டு இசைக்கும் சபையில் இடமளித்தார். 1939-ல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்திலோ கோயில், மசூதி ஆகியவற்றின் சிற்ப முறைகளும் கலந்து விளங்குகின்றன. பிரிந்த சபைகள் ஒன்றாதல் வேண்டுமென்று 1919-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக் கூட்டம் முதல் அயராது உழைத்தார். எனினும் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உதயமானதைக் காண அவர் இருந்தாரில்லை. 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலமானார்.

அன்பரீர், சபையில் மெய்ம்மையை நாடுவது நற்குணமே. மூத்தோர் அதற்குச் செவிசாய்த்தல் வேண்டும். ஆனால் அசரியா சபையின் முன் வைத்த கேள்வியைத் தம்முன்னும் வைத்தார். எடின்பரோவில் பேசுமுன் தோர்ணக்கல்லுக்குப் போய்விட்டார். நாமும் அவ்வாறு செய்யத் துணிவோமாயின், நம் மனத்தாங்கல் வீண்போகாது.