குறுக்குவழியும் நேர்வழியும்: அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மியின் வாழ்க்கை

குறுக்குவழி என்னும் சொல் நம் வழக்கில் பெரும்பாலும் நற்பொருளில் ஆளப்படுவதில்லை. உழைக்காமல் பயன்பெற நினைப்பவன் குறுக்குவழியில் செல்கிறான் என்கிறோம். ஆயினும், தம் ஊர் வயல்களை நன்கறிந்த உழவர் வரப்பின்மீது நடந்து, சாலையைச் சுற்றி வருவோர்க்கு முன்னரே சந்தையை அடைந்துவிடுகின்றார். அதுவும் குறுக்குவழியே. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது, போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு இன்றியமையாததாகும். இயற்பியல் வினா ஒன்றுக்கு ஓரிரு நிமிடங்களே கிடைக்கும் அத்தேர்வுகளுக்காக, விடையை விரைந்து தரும் சூத்திரங்களை மனப்பாடம் செய்வோர் பலர். அச்சூத்திரம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என அறிந்தோர் சிலரே. விரைந்து கணக்கிடுவதில் உலகப் புகழ்பெற்ற இத்தாலிய இயற்பியல் அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மியின் வாழ்வு, இவ்வேறுபாட்டை நமக்குத் தெளிவுறுத்துகின்றது.

ஃபெர்மி 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் உரோம் நகரில் பிறந்தார். தந்தையார் ஆல்பெர்ட்டோ இரயில்வே அலுவலர். தாயார் ஐடா பள்ளி ஆசிரியை. உடன்பிறந்தோரும் உற்ற தோழருமாக விளங்கிய தமையன் ஜூலியோ, 1915-இல் தொண்டையில் செய்யப்பட்ட சிறியதோர் அறுவை மருத்துவத்தின்போது உயிர் நீத்தார். பதின்மூன்று வயதுச் சிறுவரான என்ரிக்கோ தம் துயரை நூல்களில் ஆற்றிக்கொண்டார். உரோம் நகரின் கம்போ தெ ஃபியோரி சந்தையில் பழைய இயற்பியல் நூலொன்றை வாங்கினார். 1840-இல் இலத்தீன் மொழியில் வெளிவந்த அவ்விரு தொகுதிகளையும் ஆர்வத்துடன் கற்றார். என்ரிக்கோ பெர்சிக்கோ என்னும் நண்பருடன் சேர்ந்து புவியீர்ப்பு முடுக்கத்தைத் தாமே அளந்து பார்த்தார்.

தந்தையாருடன் பணியாற்றிய பொறியாளர் அடோல்ஃபோ அமிதேய், இச்சிறுவரின் அறிவு வேட்கையைக் கண்டு ஒன்றன்பின் ஒன்றாக நூல்களை இரவல் கொடுத்தார். அவற்றுள் ஒரு வடிவியல் நூலில் இருநூறுக்கும் மேற்பட்ட கணக்குகள் இருந்தன. அவற்றுட் சில அமிதேய் அவர்களுக்கே எளிதில் பிடிபடாதவை. சிறுவரோ ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அனைத்தையும் செய்து முடித்தார். பிற்காலத்தில் உலகம் வியந்த அவருடைய விரைவுக்கு இவ்வுழைப்பே அடித்தளமாயிற்று.

1918-ஆம் ஆண்டு நவம்பரில், பீசா நகரின் ஸ்கூலா நோர்மாலே என்னும் உயர்கல்விக் கூடத்தில் சேர்வதற்கான போட்டித் தேர்வை எழுதினார். ஒலிகளின் தனித்தன்மைகளும் அவற்றின் காரணங்களும் என்பது கட்டுரைத் தலைப்பு. பள்ளி மாணவர் பாடநூற் செய்திகளை எழுதினாலே போதுமானது. பதினேழு வயது ஃபெர்மியோ, ஒரு முனை பிணைக்கப்பட்ட கோல் அதிர்வதற்குரிய வகைக்கெழுச் சமன்பாட்டை அமைத்து, ஃபூரியே தொடரின் துணையால் அதனைத் தீர்த்துக் காட்டினார். வியப்புற்ற தேர்வாளர் அவரை நேரில் அழைத்து உரையாடினார். ஃபெர்மி முதலிடம் பெற்றார்.

1922-இல் முனைவர் பட்டமும், 1926-இல் உரோம் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தன. 1934-இல் அவரும் அவர்தம் குழுவினரும் தனிமங்களை வரிசையாக நியூட்ரான்களால் தாக்கிச் செயற்கைக் கதிரியக்கத்தை உண்டாக்கினர். யுரேனியத்தைத் தாக்கியபோது அறிமுகமில்லாத கதிரியக்கப் பொருள் ஒன்று கிடைத்தது. அது யுரேனியம் முதல் ஈயம் வரையுள்ள எத்தனிமமும் அன்று என ஆய்ந்து விலக்கினர். ஆகவே அது யுரேனியத்துக்கு அப்பாற்பட்ட புதுத் தனிமமாகலாம் என முடிவுசெய்தனர்.

இங்கே மாணவர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் பொருந்தாத மூன்றை நீக்கி எஞ்சியதைத் தேர்வது போட்டித் தேர்வர் அனைவரும் அறிந்த உத்தி. எல்லா வாய்ப்புகளும் பட்டியலில் இருந்தால் மட்டுமே அவ்வுத்தி செல்லும். ஈயத்துக்குக் கீழுள்ள தனிமங்களை ஃபெர்மி குழுவினர் பட்டியலில் சேர்க்கவில்லை. அணுக்கரு பெருந்துண்டுகளாகப் பிளந்திருக்கலாமே என ஜெர்மானிய வேதியியலார் ஐடா நோடாக் அம்மையார் அதே ஆண்டில் சுட்டிக்காட்டினார், அது பொருட்படுத்தப்படவில்லை. 1938 டிசம்பரில் ஃபெர்மி நோபல் பரிசு பெற்ற அதே மாதத்தில், ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்திலிருந்து பேரியம் தோன்றுவதைக் கண்டனர். அணுக்கருப் பிளவு வெளிப்பட்டது. ஃபெர்மி இதனை மறைக்க முயலவில்லை. அச்சேறிய தம் நோபல் உரையிலேயே, பழைய முடிவுகளை மறு ஆய்வு செய்ய வேண்டியிருப்பதை அடிக்குறிப்பாகச் சேர்த்தார்.

அவருடைய துணைவியார் லாரா யூதக் குடும்பத்தவர். இத்தாலி அரசு 1938-இல் இயற்றிய இனவெறிச் சட்டங்களால், ஸ்டாக்ஹோமில் பரிசு பெற்ற ஃபெர்மி தாயகம் திரும்பாமல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். 1942 டிசம்பர் 2-ஆம் நாள் சிகாகோவில் உலகின் முதல் அணு உலையை இயக்கினார். கட்டுப்பாட்டுக் கோலை ஒவ்வொரு முறை சிறிது வெளியே இழுக்கும்போதும், அளவுமானி எங்கே நிற்கும் என்பதை ஸ்லைடு ரூல் கொண்டு முன்கூட்டியே கணித்துச் சொன்னார், அவ்வாறே நின்றது.

1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் அவர் நின்றிருந்தார். வெடிப்பின் காற்றலை வந்து மோதிய வேளையில் கையிலிருந்த காகிதத் துண்டுகளை நழுவவிட்டார். அவை இரண்டரை மீட்டர் அளவு தள்ளி விழுந்ததைக் கொண்டு, வெடிப்பின் ஆற்றல் 10,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு நிகர் என மதிப்பிட்டார். 2021-இல் வெளியான மறு ஆய்வு அதனை ஏறத்தாழ 25,000 டன் என்கிறது. சில காகிதத் துண்டுகளைக் கொண்டு இவ்வளவு நெருங்கியது வியப்பே. ஒலியைப் பற்றி எழுதித் தேர்வில் வென்ற அவர், அக்கணக்கில் ஆழ்ந்திருந்தமையால் வெடிப்பின் பேரொலியைக் கேட்கவே இல்லை எனத் துணைவியார் தம் நூலில் பதிவுசெய்துள்ளார். அடுத்த மாதமே ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. 1949-இல் ஹைட்ரஜன் குண்டு பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டபோது, அறத்தின் அடிப்படையில் அது தகாதென ஃபெர்மி, ராபி என்னும் அறிஞருடன் சேர்ந்து எழுதிக்கொடுத்தார்.

போருக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தலைசிறந்த ஆசிரியராக விளங்கினார். சிகாகோ நகரில் பியானோவுக்குச் சுதி சேர்ப்போர் எத்தனை பேர் என்னும் வினா அவர் பெயரால் வழங்குகின்றது. மக்கள் முப்பது இலட்சம். வீட்டுக்கு நால்வரெனில் வீடுகள் ஏழரை இலட்சம். இருபது வீடுகளுக்கு ஒரு பியானோ எனில் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. ஆண்டுக்கொரு முறை சுதி சேர்க்க, ஒருவர் ஆண்டில் ஆயிரம் பியானோக்களைக் கவனித்தால், ஏறத்தாழ நாற்பது பேர் தேவை. விடை நானூறு அன்று, நான்கும் அன்று என்பது உறுதியாகின்றது. ஒரு படியில் மிகுத்துக் கொண்டது, மற்றொரு படியில் குறைத்துக் கொண்டதால் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றது.

அவரிடம் பயின்ற சீன மாணவர் ட்சுங்-தாவ் லீயிடம், சூரியனின் மையத்து வெப்பநிலை யாதென ஒருமுறை வினவினார். மாணவர் நூலிற் கண்ட எண்ணைச் சொன்னார். அதனைத் தாமே சரிபார்த்ததுண்டா எனக் கேட்ட ஆசிரியர், அக்கணக்குக்கென ஆறடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஸ்லைடு ரூல் ஒன்றை மாணவருடன் சேர்ந்து செய்தார். அம்மாணவர் 1957-இல் நோபல் பரிசு பெற்றார். முன்னோர் உரைத்ததாயினும் ஆராய்ந்தே கொள்க என்னும் இந்நெறி நமக்குப் புதிதன்று. தாலமியின் கருத்துகளில் எழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே இயற்றிய பஸ்ரா நகரத்து அறிஞர் இப்னு அல்-ஹைதம் காட்டிய நெறியும் இதுவே.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகருடன் இணைந்து, 1953-இல் விண்மீன் மண்டலத்தின் காந்தப் புலத்தை மதிப்பிடும் முறையொன்றை ஃபெர்மி வகுத்தார். சந்திரசேகர்–ஃபெர்மி முறை என அது இன்றும் ஆளப்படுகின்றது. மறு ஆண்டே வயிற்றுப் புற்றுநோய் அவரைப் பற்றியது. மருத்துவமனைப் படுக்கையிலும், தம் உடலில் ஏற்றப்பட்ட நீர்மத்தின் துளிகளை எண்ணி, கடிகாரம் கொண்டு அதன் வேகத்தைக் கணக்கிட்டார். 1954 நவம்பர் 28-இல், 53-ஆம் வயதில் மறைந்தார். நூறாம் தனிமம் ஃபெர்மியம் என அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

மாணவச் செல்வங்களே! கப்பியின்மீது செல்லும் கயிற்றின் இரு முனைகளிலும் இரு நிறைகள் தொங்கினால் முடுக்கம் யாது என்பது நீங்கள் அடிக்கடி சந்திக்கும் வினா. நிறைகள் சமமாயின் முடுக்கம் சுழியாதல் வேண்டும்; ஒன்று இல்லையெனில் புவியீர்ப்பு முடுக்கமே விடையாதல் வேண்டும். இவ்விரு சோதனைகளும் தவறான விடைகளை நொடியில் நீக்கிவிடும். ஆயினும் நீக்குதல் வேறு, நிறுவுதல் வேறு. எஞ்சிய விடையை வீட்டில் ஒருமுறையேனும் முழுமையாக வருவித்துப் பாருங்கள். அவ்வாறு வருவித்தவர்க்கே தேர்வு அறையில் குறுக்குவழி துணைநிற்கும். இருநூறு கணக்குகளையும் விடாது செய்த அச்சிறுவர் சென்ற நேர்வழி அதுவே.