போப்பையர் கல்லறையில் என்ன எழுதியிருக்கு?

ஜி.யு. போப்பைத் தெரியாதவர் நம்ம பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார் என்று வினாடி வினாவில் கேட்டால், கேள்வி முடியறதுக்குள்ளே நாலு பேர் கை தூக்குவார்கள். அடுத்த கேள்வியும் பெரும்பாலும் அவரைப் பற்றியே வரும். தன் கல்லறையில் என்ன எழுதச் சொன்னார்? தமிழ் மாணவன் என்று எழுதச் சொன்னார். சரியான விடை, ஒரு மார்க், கைதட்டல். அதோடு சரி. அந்தக் கல்லில் நிஜமாகவே என்ன வெட்டியிருக்கிறது, கல் எங்கே இருக்கிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

பெயர் ஜார்ஜ் யுக்ளோ போப். 1820 ஏப்ரல் 24 அன்று கனடாவில், பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். ஆறு வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். நம்ம ஊர்க் கப்பலில் ஏறுவதற்கு முன்பே, 1837-லேயே, முதல் தமிழ்ப் பாடம் படித்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. அப்போது அவருக்கு 17 வயசு. நம்ம பிளஸ் டூ அண்ணன்கள் வயசு!

1839-இல் சென்னைக்கு வந்தார். இராமானுசக் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் கற்றார். பிறகு தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம் போய்ப் பள்ளி நடத்தினார். அந்த ஊரில் இன்றைக்கும் அவர் பெயரில் போப் கல்லூரி இருக்கிறது. 1845-இல் அவர் முதல் மனைவி மேரி தூத்துக்குடியில் இறந்துபோனார். போப்புக்கு அப்போது 25 வயதுதான். நான்கு வருடம் கழித்து ஹென்ரியட்டாவை மணந்தார்.

அப்புறம் தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூரு என்று ஊர் ஊராக வேலை. எங்கே போனாலும் பள்ளிக்கூடம்தான். ரொம்பக் கண்டிப்பான வாத்தியார் என்று பெயர். தஞ்சாவூரில் சபையார் சிலரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊட்டியில் இருந்தபோது தோடர் மக்களின் மொழிக்கு ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு எழுதினார். அது 1873-இல் வேறொருவர் எழுதிய புத்தகத்தின் பகுதியாக வெளிவந்தது. தமிழ் இலக்கணத்தைக் கேள்வி பதிலாக எழுதியதும் இவர்தான். நம்ம கோனார் நோட்ஸுக்கு முன்னோடி என்று சொல்லலாமோ என்னவோ!

1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மற்றவர்கள் ஓய்வு எடுக்கிற வயதில்தான் அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் வெளியே வந்தன. 1884-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளர் ஆனார். 1886-இல் திருக்குறள். 1330 குறளையும் தனி ஆளாக ஆங்கிலச் செய்யுளாக்கினார். 1893-இல் நாலடியார். 1900-இல் திருவாசகம்.

திருவாசகம் வந்த கதையை அவரே அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பெய்லியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் என்பவரோடு ஒரு ராத்திரி கல்லூரி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாராம். பேச்சு தமிழ்ப் பாட்டு, தத்துவம் என்று போயிருக்கிறது. இதை அச்சில் கொண்டுவாருங்கள் என்று ஜோவெட் சட்டென்று சொல்ல, எனக்கு என்ன சாகாவரமா இருக்கு, ரொம்ப நாள் பிடிக்குமே என்று போப் தயங்கியிருக்கிறார். நிலா வெளிச்சத்தில் ஜோவெட் அவர் தோளில் கைவைத்து, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கிற வரைக்கும் நீங்கள் இருப்பீர்கள் என்கிற மாதிரி சொன்னார். அப்படியே நடந்தது. போப் முடித்தார். ஆனால் ஜோவெட் அதைப் பார்க்கவில்லை, 1893-லேயே போய்விட்டார். முன்னுரையில் போப் போட்ட தேதி அவருடைய 80-ஆவது பிறந்தநாள். முதல் தமிழ்ப் பாடம் படித்து 63 வருஷம் ஆகியிருந்தது.

1908 பிப்ரவரி 11 அன்று போப் காலமானார். ஆக்ஸ்போர்டில் ஜெரிக்கோ என்கிற பகுதியில், வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஜோவெட் கல்லறையும் அதே தோட்டத்தில்தான். திருவாசகத்தை அச்சடித்த கிளாரண்டன் அச்சகமும் அதே வால்டன் தெருவில்தான். நிலா வெளிச்சத்தில் பேசிய ரெண்டு பேர், அந்தப் பேச்சிலிருந்து பிறந்த புத்தகத்தின் அச்சகம், எல்லாம் நடந்து போகிற தூரத்துக்குள்.

இனி அந்தத் தோட்டத்தின் கதை. 1848-இல் அது திறக்கப்பட்டது. நகரத்துக் கோயில் முற்றங்களில் புதைக்க இடமே இல்லாமல் போனதால் அந்த வருடம் ஆக்ஸ்போர்டில் மூன்று புதுக் கல்லறைத் தோட்டங்கள் தொடங்கினார்கள். அதில் இது ஒன்று. காலப்போக்கில் இதுவும் நிறைந்தது. புது அடக்கம் நின்றால் பார்க்க வருகிறவர்களும் குறைவார்கள். பிள்ளைகள் இருக்கிற வரை பூ வைப்பார்கள், பேரப்பிள்ளைகள் எப்போதாவது வருவார்கள், அதற்கப்புறம் யார் வருவா? தோட்டத்தின் நடுவில் இருந்த சிற்றாலயத்தையே 1970 வாக்கில் இடித்துவிட்டார்கள். ஐவி என்கிற கொடி கற்களை மூடியது. முள்ளும் புதரும் ஏறின. சில கற்கள் சாய்ந்தன, சில விழுந்தன.

கால்டுவெல் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர். 1891-இல் கொடைக்கானலில் இறந்த அவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கோயில் இருக்கிற வரை விளக்கும் துடைப்பமும் இருக்கும். போப் படுத்திருப்பது வெட்டவெளியில், மழையிலும் பனியிலும்.

2000-க்குப் பிறகு உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து அந்தத் தோட்டத்துக்கு ஒரு நண்பர்கள் குழு ஆரம்பித்தார்கள். புதரை வெட்டி, ஒவ்வொரு கல்லாகப் படித்து, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வாழ்க்கையையும் தேடிச் சேர்த்தார்கள். பேராசிரியர்கள் மட்டும் இல்லை, கடைக்காரர்கள், சின்னக் குழந்தைகள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இந்த வேலையை நினைத்தபடி செய்ய முடியாது. பழைய கல்லில் படர்ந்த கொடியைப் பச்சையாக இருக்கும்போது பிடித்து இழுத்தால் கல்லின் மேல்தோலும் எழுத்தோடு சேர்ந்து வந்துவிடும். அடித்தண்டை வெட்டிவிட்டு, அது காய்ந்த பிறகுதான் மெதுவாக எடுக்க வேண்டும். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் ஆகாது. வெறும் தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும். எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்கவும் கூடாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது பார்த்தால், இல்லையென்றால் ஒரு கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடித்தால், எழுத்து தானாக எழுந்து நிற்கும். நம்ம ஊர்ப் பழைய கோயில் கல்வெட்டுக்கும் இதே வழியை முயன்று பார்க்கலாம்.

சரி, போப்பையர் கல்லில் என்ன இருக்கிறது? தமிழ் மாணவன் என்ற வார்த்தை இல்லை. எழுதியிருப்பது ஆங்கிலத்தில். அவர் பெயர், பட்டம், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்பது, பல்கலைக்கழகத்தில் தமிழ் தெலுங்கு விரிவுரையாளராகவும் பெய்லியல் கல்லூரிச் சிற்றாலயக் குருவாகவும் இருந்தவர் என்பது, பிறந்த இறந்த தேதிகள். அதற்குக் கீழே, அவருடைய வாழ்நாள் உழைப்பை மெச்சி இந்தக் கல்லை வைத்தவர்கள் அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் என்று வெட்டியிருக்கிறது.

தமிழ் மாணவன் கதை எங்கிருந்தோ வளர்ந்து பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அவர் அப்படி ஆசைப்பட்டிருக்கலாம், கல்லில் இல்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் கல்லில் இருப்பதே நமக்குப் பெருமை. பிறந்தது கனடா, வளர்ந்தது இங்கிலாந்து, இருந்தும் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவர் வீட்டாரே வெட்ட ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கல்லுக்கு நம்ம ஆட்கள் கடல் தாண்டிப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட அதில் இல்லை, தமிழ் நண்பர்கள் என்று மட்டும்தான். அந்த ஒரு வரி பாசியில் மூடிப் போயிருந்தால் அவர்களைப் பற்றி அந்தத் தோட்டத்தில் வேறு அடையாளமே இருந்திருக்காது.

சென்னை மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது போப்புக்குச் சிலை வைத்தார்கள். பீச்சுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். ஆக்ஸ்போர்டு பக்கம் படிக்கவோ வேலைக்கோ போகிற அண்ணன், அக்கா யாருக்காவது இருந்தால் சொல்லி வையுங்கள். வால்டன் தெருவில் அச்சகத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் தோட்டத்துக்குப் போகும் ஒரு சின்னப் பாதை வரும். முன்பு பக்கத்தில் ஒரு இரும்பு வார்ப்பாலை இருந்தது, இப்போது அடுக்குமாடி வீடுகள். பெரிய வரவேற்புப் பலகை எதையும் எதிர்பார்க்காதீர்கள், மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.