பட்டம் இல்லாத பறவை அறிஞர் ஸாலிம் அலி

கையில் கமராவோடு குமணவுக்கும் மன்னாருக்கும் பறவை பார்க்கப் போகும் இளைஞர்களை இப்போது எமது ஊர்களிலும் காண்கிறேன். வசதி உள்ளவர்கள் இதற்காக வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். இந்த ஆர்வத்துக்குத் தெற்காசியாவில் பாதை வெட்டியவர் ஒரு முஸ்லிம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஸாலிம் அலி. பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, வீடுகளில் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கும் நாட்களில் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

1896 நவம்பர் 12இல் பம்பாயில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையை இழந்தார், மூன்று வயதில் தாயையும் இழந்தார். எத்தீமாக நின்ற பிள்ளைகளை, குழந்தைகள் இல்லாத தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். சிறுவன் ஸாலிமிடமும் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஒரு நாள் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. வழமையான குருவி போல அது இல்லாததால், உண்ண ஆகுமா, ஆகாதா என்று சந்தேகம் வந்தது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. ஆனால் வீசிவிட்டு வேறு வேலையைப் பார் என்று அவர் விரட்டவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். அந்த வெள்ளைக்காரர் குருவியின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், பதப்படுத்திய பறவைகள் நிறைந்த அலுமாரிகளைத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் இலகுவாக நடந்துவிடவில்லை. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. பர்மாவில் குடும்பத்தாரின் சுரங்க, மர வியாபாரத்தைக் கவனிக்கப் போனார். அங்கும் மனம் காட்டுப் பறவைகளிடமே இருந்தது, வியாபாரம் நிலைக்கவில்லை. பம்பாய் திரும்பி விலங்கியல் வகுப்புகளில் அமர்ந்து படித்தார். ஆனாலும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி கிடைக்கவில்லை. பம்பாய் நூதனசாலையில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலைதான் கிடைத்தது. 1928இல் ஜெர்மனிக்குப் போய், பெர்லின் நூதனசாலையில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் முறையாகப் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பி வந்தபோது, பணம் இல்லை என்று அந்த வழிகாட்டி வேலையையும் நிறுத்தியிருந்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 33. வேலையற்ற அவர், மனைவி தெஹ்மீனாவோடு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாட்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டுகிறது. பெண் வந்து பார்த்து, பிடித்தால் குடியேறுகிறது. பிறகு அதே ஆண் அடுத்த கூட்டைக் கட்டி வேறொரு பெண்ணை அழைக்கிறது. இதை எழுதி வெளியிட்டபோது பறவையியல் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

பின்னர் சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். முகாம், போக்குவரத்துச் செலவை மட்டும் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று காடுமேடெல்லாம் அலைந்தார். தெஹ்மீனாவும் கூடாரங்களில் கூடவே தங்கினார். இங்கிலாந்தில் படித்த அவர், கணவரின் எழுத்து நடையையும் செம்மைப்படுத்தினார். 1939இல் ஒரு சிறிய சத்திரசிகிச்சைக்குப் பின் தெஹ்மீனா வபாத்தானார். ஸாலிம் அலி மறுமணம் செய்யவில்லை, பயணத்தை நிறுத்தவும் இல்லை.

ஆப்கானிஸ்தான், கைலாச மலை, கட்ச் உப்பு வெளி, சிக்கிம் என்று அந்தப் பயணம் நீண்டது. உலகப் போர் காலத்தில் இந்தியா வந்த லோக் வான் தோ என்ற செல்வந்தர் அவருக்கு நண்பரானார். சிங்கப்பூரில் திரைப்படத் தொழில் நடத்திய அவர், பறவைகளைப் படமெடுப்பதில் பெயர் பெற்றவர். ஸாலிம் அலியின் பயணங்களில் கமராவோடு சேர்ந்துகொண்டார், பண உதவியும் செய்தார். 1950இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பாவை அதிலேயே சுற்றினார் ஸாலிம் அலி.

ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்த காலம் அது. அவரும் சுட்டார். ஆனால் பரத்பூர் நீர்ப்பறவைச் சரணாலயத்தையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காப்பாற்ற ஆட்சியாளர்களிடம் வாதாடியவரும் அவரே. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதி நூலின் முதல் தொகுதி 1968இல் வந்தபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார். எமது இலங்கையின் பறவைகளும் அந்த நூலில் அடக்கம். 1976இல் கிடைத்த 50,000 டொலர் கெட்டி பரிசை, இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்றுக்காகத் தன் சங்கத்துக்கே கொடுத்தார். 1987இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

படிப்பு தேவையில்லை என்பதற்கு இவரை உதாரணம் காட்டுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கடல் கடந்து போய் ஓர் ஆசானிடம் கற்றவர் அவர். பட்டம்தான் இருக்கவில்லை, படிப்பு இருந்தது. என் மனதில் நிற்பவர் அந்த மாமா. விடை தெரியாதபோது அதை மறைக்கவில்லை, தெரிந்தவரிடம் பிள்ளையை அனுப்பிவைத்தார். எமது வீடுகளில் வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு கதவுகளைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். ஒரு பூச்சியையோ, கல்லையோ, குருவியையோ கையில் ஏந்தி வந்து கேட்கும் பிள்ளையை, பாடத்தைப் படி என்று திருப்பி அனுப்புகிறோம். வாப்பாமாரும் உம்மாமாரும் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும். விடை தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைத் தேடிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் இல்லாத ஒரு பிள்ளைக்கு அந்த மாமா செய்ததை, பெற்றோர் இருக்கும் பிள்ளைகளுக்கு எம்மால் செய்ய முடியாதா?